ஆஸ்பத்திரிக்கு நாலு வயசு

புதுசாக ஒரு மெஷின் வந்திருக்கிறதாம். கண்ணை அளந்துவிட்டுக் குழந்தையின் பிறந்த தேதியைத் தட்டினால் போதும், எந்த நம்பர் லென்ஸ் வைக்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடுமாம். நிவேதா போன் பண்ணிச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கிற செம்பூர்ப் பெண். "மாமி, ஒரு செகண்ட்கூட ஆகலை, நம்பர் வந்துடுத்து. நீங்க இருபத்தெட்டு வருஷம் அப்படி என்னதான் பண்ணிண்டிருந்தேள்?" என்று ஒரு கேள்வி வேறு. கழுதை. அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

"அந்தப் பிறந்த தேதியை யார் கொடுப்பா?" என்று கேட்டேன்.

"பேரண்ட்ஸ்தான் மாமி. வேற யாரு?"

எனக்கு வந்த சிரிப்பில் காப்பி புடவையில் கொட்டியது. அவளுக்குக் காரணம் புரியவில்லை. புரிய வைக்க ஒரு மாரிச்செல்வியின் கதையைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் என் பெருமையைக் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள். ரிட்டயர் ஆனவளுக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி?

மாட்டுங்காவில் பிறந்து, பி.எஸ்ஸி. முடித்து, பாங்க் பரீட்சையை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் கோட்டை விட்டேன். வீட்டில் அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். அவர் பேசாமல் இருந்தது எனக்கு வசதியாகத்தான் இருந்தது, ஆனால் அம்மா அவருக்கும் சேர்த்துப் பேசினாள். அது தாங்காமல் கண் பரிசோதனைப் படிப்பில் சேர்ந்தேன். இரண்டு வருஷம். என்ன படித்தேன் என்று எழுதினால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். நானே வகுப்பில் தூங்கினவள்.

பிறகு சயனுக்கும் சுனாபட்டிக்கும் நடுவில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் வேலை. பேர் வேண்டாம். கண்ணின் நீளத்தை அளப்பது, அந்த அளவுக்கு எந்தச் சக்தியுள்ள லென்ஸ் பொருந்தும் என்று கணக்குப் போடுவது, அந்த லென்ஸை அலமாரியிலிருந்து எடுத்து ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டு போவது, இவ்வளவும் என் பாடு. எல்லாரும் என்னை 'லென்ஸ் மாமி' என்பார்கள். மராத்தி நர்சுகள், பீஹாரி வார்டுபாய், டிராம்பேயிலிருந்து வருகிற பார்மசிக்காரர் எல்லாருக்கும் நான் மாமிதான். 'மாமி' என்றால் ஏதோ பெரிய பதவி என்று வார்டுபாய் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தான். நானும் திருத்தவில்லை.

பெரியவர்களுக்குக் கண்புரை ஆபரேஷன் என்றால் கணக்கு சுலபம். அவர்கள் கண் வளர்ந்து முடிந்த கண். என்ன நம்பர் வருகிறதோ அதை வைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பலாம். குழந்தைகள் விஷயம் அப்படியில்லை. உடம்பு வளர்கிற மாதிரி கண்ணும் வளரும், உள்ளே வைத்த லென்ஸ் வளராது. இன்றைக்குச் சரியான நம்பரை வைத்தால் நாலு வருஷத்தில் அது அதிகமாகிவிடும். அதனால் வேண்டுமென்றே குறைத்து வைப்போம். அந்தக் குறையை இப்போதைக்குக் கண்ணாடி சரிக்கட்டும். கண் வளர வளரக் கண்ணாடியின் பவர் இறங்கும். ஜூன் மாசம் குழந்தைக்கு யூனிஃபார்ம் எடுக்கிறபோது இரண்டு இஞ்ச் தாராளமாகத்தானே எடுக்கிறோம், அதே நியாயம். எவ்வளவு குறைப்பது? அது வயசைப் பொறுத்தது. சின்ன வயசு என்றால் நிறையக் குறைக்க வேண்டும், வயசு ஏற ஏறக் குறைப்பதும் குறைந்துகொண்டே வரும். இதற்கென்று ஒரு பட்டியல் உண்டு. என் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தேன்.

இதை யாருக்காவது புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமா மூன்று வயசுப் பேரனோடு வந்தார். கையில் தன்னுடைய லென்ஸ் கார்டு. "எனக்கு வெச்சது பதினஞ்சு வருஷமா பேஷா இருக்கு. இதே கம்பெனி, இதே நம்பர் குழந்தைக்கும் வெச்சுடுங்கோ. எங்காத்து ரத்தம்தானே?" என்றார். "மாமா, உங்க பல்செட்டையும் அவனுக்கே கொடுத்துடலாமா?" என்று கேட்டுவிட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பேரன் கண் நன்றாக இருக்கிறது, அது போதும்.

எங்கள் சர்ஜனை எல்லாரும் பெரிய மேடம் என்றுதான் சொல்வோம். மராத்திக்காரர். குழந்தைகளுக்கு மட்டும்தான் ஆபரேஷன் பண்ணுவார். ஊருக்கெல்லாம் கண்ணாடி எழுதிக் கொடுக்கிற அந்த மனுஷி, தனக்கு வெள்ளெழுத்து வந்து எத்தனையோ வருஷமாகியும் கண்ணாடி போட மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்தால் கடவுள். ஆனால் லென்ஸ் டப்பாவின் மேல் இருக்கிற பொடி எழுத்தைக் கையை நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை இடுக்கி, கடைசியில் என்னிடமே கொடுத்துவிடுவார். அதனாலேயே ஒரு வழக்கம் வந்தது. டப்பாவை உடைப்பதற்கு முன் நான் உரக்க வாசிக்க வேண்டும்: குழந்தையின் பேர், வயசு, எந்தக் கண், என்ன நம்பர். அடுத்து நர்ஸ் அதே டப்பாவை வாங்கி உரக்க வாசிப்பாள். மூன்றாவதாக மேடம் வாசிப்பார், அதாவது எங்களிடம் கேட்டதைத் திருப்பிச் சொல்வார். கோவில் அர்ச்சனை மாதிரி இருக்கும். ஆனால் இந்த அர்ச்சனையால் எங்கள் தியேட்டரில் ஒரு தடவைகூடக் கண் மாறவில்லை, டப்பா மாறவில்லை.

மேடத்தின் கோபம் தனி ரகம். சாதாரணமாக என்னை 'ஏ மாமி' என்று கத்துவார். கத்தினால் மேடம் சந்தோஷமாக இருக்கிறார் என்று அர்த்தம். குரல் தாழ்ந்து, மராத்தியில் 'அஹோ' என்று மரியாதையாக ஆரம்பித்தால் தொலைந்தோம். நம்மூரில் வாடா போடா என்று பேசுகிறவர் திடீரென்று 'வாங்க, உக்காருங்க' என்றால் எழுந்து ஓடத் தோன்றுமே, அப்படி.

என் கோபம் அப்படியெல்லாம் நாசூக்கு கிடையாது. தாராவியிலிருந்து வருகிற தமிழ்க் குடும்பங்களை எல்லாம் என் மேஜைக்குத்தான் அனுப்புவார்கள். ஆஸ்பத்திரியிலேயே தமிழில் திட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். குழந்தைக்குப் புரை என்றால் நாள் தள்ளவே கூடாது. கண் பார்க்கக் கற்றுக்கொள்கிற வயசு அது. புரை மறைத்துக்கொண்டிருந்தால் மூளை அந்தக் கண்ணைக் கணக்கிலேயே எடுக்காமல் விட்டுவிடும், பிறகு எவ்வளவு நல்ல லென்ஸ் வைத்தாலும் பாதிதான் திரும்பும். இது தெரிந்து வயிறு எரியும். அதனால் வந்தவுடன் என் முதல் கேள்வி, "இவ்வளவு நாளா என்ன பண்ணிண்டிருந்தேள்?" இதை எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. நல்லதுக்குத்தானே கேட்கிறோம் என்று ஒரு கர்வம் வேறு.

அன்றைக்கு மே மாச வெயில். தாராவியிலிருந்து ஒருவர், தோல் பட்டறை வைத்திருப்பவர், பையனை ஒரு வருஷம் தாமதமாகக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் விட்ட டோஸில் மனுஷன் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டார். வரிசையில் அவருக்கு அடுத்து நின்றவள்தான் மாரிச்செல்வி. பை தைக்கிற கார்கானாவில் மெஷின் ஓட்டுகிறவள், திருநெல்வேலிப் பக்கம். கையில் தர்ஷினி. சோனிக் குழந்தை, இடது கண் பாப்பாவுக்குள் வெள்ளையாகப் புரை. ஒரு கண்ணில்தான். வலது கண் பளிச்சென்று இருந்தது.

"வயசு?"

ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாள். "நாலுக்கா."

"எப்போ பார்த்தே இதை?"

"போன மாசம். போட்டோ எடுக்கைல தெரிஞ்சிச்சி. ஒடனே வந்துட்டேன்க்கா."

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. தோல் பட்டறைக்காரர் இன்னும் போகவில்லை. அவருக்குக் கேட்கிற மாதிரியே சொன்னேன்: "பாருங்கோ. இதான் அம்மா. பார்த்தா, உடனே தூக்கிண்டு வந்துட்டா. சமத்து!" மாரிச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று நினைத்தேன். அப்போதெல்லாம் குழந்தைகளுக்கு ஆதார், சர்டிபிகேட் என்று நாங்கள் கேட்பதில்லை. அம்மா சொல்வதுதான் வயசு. கேஸ் பேப்பரில் '4' என்று நானே அழகாக எழுதினேன்.

பத்து நாள் கழித்து ஆபரேஷன். சின்னக் குழந்தைகள் முழித்துக்கொண்டிருக்கும்போது கண்ணை அளக்கவே முடியாது, ஆட்டம் போடும். அதனால் தியேட்டருக்குள், மயக்கம் கொடுத்த பிறகு, கத்தி படுவதற்கு முன்னால் அளப்போம். எனக்குக் கிடைப்பது சில நிமிஷம்தான். முதலில் கருவிழியின் வளைவு. பிறகு பேனா மாதிரி ஒரு குச்சியைக் கண்ணின் மேல் வைத்து நீளம். வைக்க வேண்டும், அழுத்தக் கூடாது. கொஞ்சம் அழுத்தினாலும் கண் உள்ளே அமுங்கி நீளம் குறைவாகக் காட்டும், லென்ஸ் நம்பர் தாறுமாறாக ஏறிவிடும். நான் சுண்டு விரலைக் குழந்தையின் கன்னத்தில் ஊன்றிக்கொள்வேன், மூச்சைப் பிடித்துக்கொள்வேன். பத்து தடவை அளப்பேன், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததைத் தள்ளிவிட்டு மிச்சத்தின் சராசரியை எடுப்பேன்.

தர்ஷினிக்குப் பத்தும் ஒன்று போல வந்தது. முழுக் கணக்கு இருபத்து நாலரை. கதவைத் திறந்து பட்டியலைப் பார்த்தேன். நாலு வயசுக்குக் குறைத்தால் இருபதரை. டப்பாவை எடுத்துக்கொண்டு தியேட்டருக்குள் வந்தேன்.

தலைமாட்டில் மயக்க டாக்டர், ஒரு சர்தார்ஜி. தன் பாட்டுக்கு ஹிந்தியில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்: "இந்தக் குட்டிக்கு முன்பல் ஆடுது. குழாய் எடுக்கறப்போ விழுந்து தொண்டைக்குள்ள போயிடப் போறது, நான்தான் காவல் இருக்கணும்."

நான் டப்பாவைத் தூக்கி அர்ச்சனையை ஆரம்பித்துவிட்டேன். "தர்ஷினி. வயசு நாலு. இடது க..."

நாக்கு அங்கேயே நின்றது. நாலு வயசில் முன்பல் ஆடுமா? எனக்கும் இரண்டு பெண்கள். பெரியவளுக்கு ஒண்ணாவது படிக்கிறபோது விழுந்தது, சின்னவளுக்கும் அப்போதுதான்.

"மேடம், அஞ்சு நிமிஷம். நான் வெளியில போய் அம்மாவைக் கேட்டுட்டு வரேன்."

மேடம் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார். குரல் தாழ்ந்தது. "அஹோ மாமி, குழந்தை மயக்கத்தில் இருக்கிறது. தாங்கள் எங்கே கிளம்பினீர்கள்?"

தாங்கள்! அவசர அவசரமாகப் பல் ஆடுவதைச் சொன்னேன். வயசு ஆறாக இருந்தால் வைக்க வேண்டியது இருபத்து மூணு. ஆறு வயசுக்காரிக்கு இருபதரையை வைத்தால் அந்தக் கண்ணுக்கு மட்டும் சோடா பாட்டில் கண்ணாடி வரும். நல்ல கண் ஒரு அளவில் பார்க்க, இந்தக் கண் இன்னொரு அளவில் பார்க்க, குழந்தை கண்ணாடியைக் கழற்றி எறிவாள், அதோடு அந்தக் கண் போச்சு. நிஜமாகவே நாலாக இருந்து இருபத்து மூணை வைத்தால், வளர வளரக் கிட்டப்பார்வை ஏறிக்கொண்டே போகும். இதெல்லாம் மேடத்துக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஓடு" என்றார்.

தியேட்டர் உடுப்போடு ஒரு மாமி வராந்தாவில் ஓடி வருவதைப் பார்த்தால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? மாரிச்செல்வி பெஞ்சிலிருந்து எழுந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா! எம் புள்ளைக்கு என்னாச்சி?"

"ஒண்ணும் ஆகலை. தூங்கறா. அவளுக்கு என்ன வயசு? நிஜத்தைச் சொல்லு."

"நாலு."

"முன்பல் ஆடறதுடி அவளுக்கு!"

"நாலுதான்க்கா." முகம் வெளிறிப் போயிருந்தது, ஆனால் விடவில்லை. நான் வாயைத் திறந்தேன். என் வழக்கமான பாட்டு தொண்டை வரை வந்துவிட்டது. அவள் சட்டென்று ஒரு கையைத் தூக்கித் தன் கன்னத்தருகே வைத்துக்கொண்டாள். நான் அடிக்கப் போகிற மாதிரி. நான் ஜென்மத்தில் யாரையும் அடித்ததில்லை. அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்தப் பொய்யை அவள் வீட்டிலிருந்து கொண்டு வரவில்லை. வரிசையில் நின்றபோது, என் குரலைக் கேட்டுத்தான் தயார் பண்ணினாள்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். முட்டி வலி வேறு. "மாரி, நான் திட்ட மாட்டேன். சத்தியமா."

"திட்டுவிய. அன்னைக்கி அந்த அண்ணாச்சிய அழ வச்சியள்லா? அவுக ஒரு வருசம்தான் பிந்தி வந்தாவ. நான் ரெண்டு வருசம்க்கா. ஆறுன்னு சொன்னா இவ்வளவு நாளா எங்க போனன்னு கேப்பியள்லா?" அழுகையும் பேச்சுமாக வந்தது. "மொதல்லயே வெள்ளையாத்தான் தெரிஞ்சிச்சி. தன்னால போயிரும்னு ஊர்ல சொன்னாவ. எங்க வீட்டுக்காரரு துபாய்ல. லீவு கேட்டா மெஷின வேற ஆளுக்குக் குடுத்துருவாவ. இன்னைக்கி நாளைக்கின்னு..."

"சரி, சரி. எப்போ பிறந்தா? அதைச் சொல்லு முதல்ல."

"கார்த்திகை தீபத்துக்கு மறுநாளு. வார கார்த்திகைக்கு ஏழு முடியும்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஊருக்குப் போவைல, அஞ்சுன்னா ரயில்ல டிக்கெட் எடுக்கணும்னு ரெண்டு வருசமா டி.டி.கிட்ட நாலுன்னேதான் சொல்லுதேன். ஒங்ககிட்டயும் அதே வாயில வந்துட்டு. எனக்கே இப்பம் எது நெசம்னு நின்னு யோசிக்கணும்க்கா."

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் அழுதுகொண்டே சிரித்தாள். "எழுந்திரு, என்னையும் தூக்கிவிடு" என்றேன். தூக்கிவிட்டாள். மறுபடியும் ஓட்டம்.

ஆறரை வயசு. அலமாரியில் இருபத்து மூணு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை எடுத்து டப்பா நம்பரை நான் மூன்று தடவை படித்ததை நிவேதா பார்த்திருக்க வேண்டும், மெஷினுக்கு அதெல்லாம் வராது. உள்ளே போய் வாசித்தேன்: "தர்ஷினி. வயசு ஆறரை. இடது கண். இருபத்து மூணு." நர்ஸ் வாசித்தாள். மேடம் வாசித்தார். கேஸ் பேப்பரில் நான் எழுதின நாலை நானே அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மேடம் லென்ஸை மடித்து உள்ளே விட்டார். அது மெல்ல விரிந்து இடத்தில் உட்கார்ந்தது. எத்தனை தடவை பார்த்தாலும் அந்தக் காட்சி எனக்கு அலுத்ததேயில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "ஏ மாமி! அவள் ஏன் பொய் சொன்னாளாம்?"

"எனக்குப் பயந்து, மேடம்."

"அதில் என்ன ஆச்சரியம்? எனக்கே உன்னைக் கண்டால் பயம்தான்" என்று கத்தினார். சர்தார்ஜி சிரித்த சிரிப்பில் பல் காவலை மறந்துவிடப் போகிறார் என்று எனக்குக் கவலையாகிவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் உள்ளே குத்தியது. அந்த மாதிரி எத்தனை பேர் என் மேஜையில் வயசைக் குறைத்திருப்பார்கள்? எத்தனை குழந்தைகளுக்குப் பல் ஆடாமல் இருந்திருக்கும்?

மறுநாளிலிருந்து என் முதல் கேள்வியை மாற்றினேன். 'வாங்கோ, உக்காருங்கோ, தண்ணி குடிச்சேளா?' ஆஸ்பத்திரியே பயந்துவிட்டது. மாமிக்கு உடம்பு சரியில்லையா என்று பார்மசிக்காரர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

ஆபரேஷன் முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். அங்கேதான் ஆரம்பம். இரண்டு வருஷமாகச் சும்மா இருந்த கண்ணைப் பார்க்க வைக்க வேண்டும். அதற்கு நல்ல கண்ணைத் தினமும் மணிக்கணக்கில் கட்டு போட்டு மூடி வைக்க வேண்டும். தர்ஷினி லேசுப்பட்டவளில்லை. கட்டைப் பிய்த்துச் சுவரில் ஒட்டுவாள், அம்மா முதுகில் ஒட்டுவாள், ஒரு தடவை என் நெற்றியில் பொட்டு மாதிரி ஒட்டிவிட்டாள். மாரிச்செல்வி கார்கானா மேஸ்திரியிடம் சண்டை போட்டு, மெஷினுக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலில் அவளை உட்கார வைத்து, கட்டோடு பாசி கோக்க விட்டாள். ஒரு மாசம்கூடச் செக்கப்புக்குத் தவறியதில்லை.

ஒன்றரை வருஷம் இருக்கும். அன்றைக்குச் செக்கப். நல்ல கண்ணை மூடிக்கொண்டு, ஆபரேஷன் ஆன கண்ணால் தர்ஷினி சார்ட்டைப் படித்தாள். பெரிய எழுத்து, அதற்கு அடுத்தது, அதற்கும் அடுத்தது என்று தடதடவென்று இறங்கினாள். கடைசி இரண்டு வரியில் நின்றுவிட்டாள். கண்ணைச் சுருக்கினாள், தலையைச் சாய்த்தாள், குத்துமதிப்பாக இரண்டு எழுத்துச் சொன்னாள். இரண்டும் தப்பு. போன தடவையும் அங்கேதான் நின்றாள், அதற்கு முந்தின தடவையும் அங்கேதான்.

"பிரமாதம்!" என்றேன். பொய்யில்லை, அந்தக் கண்ணுக்கு அது பிரமாதம்தான். குழந்தை அடுத்த அறையில் பொம்மையைத் தேடி ஓடினாள். மாரிச்செல்வி சார்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யக்கா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளேன்."

"ரெண்டு வருசம் முந்தியே நான் கூட்டிட்டு வந்திருந்தா, அந்தக் கடைசி ரெண்டு வரியும் படிச்சிருப்பாளாக்கா?"

அத்தனை வருஷம் அந்த மேஜையில் உட்கார்ந்து, கேட்காதவர்களிடம் எல்லாம் நான் அடித்துச் சொன்ன பதில் அது. அன்றைக்கு அவளாகவே வந்து கேட்கிறாள்.

"சே, சே. அப்படியெல்லாம் ஒண்ணுமில்லடி" என்றேன். சொல்லிவிட்டு மேஜை மேலிருந்த கண்ணாடிகளை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தேன்.

அவள் துடைக்கிற என் கையைப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "ஒங்களுக்குப் பொய் சொல்லவே வரலக்கா."

அவள் மேஜையிலிருந்து புதுக் கட்டுப் பாக்கெட்டை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"சரி, இனிமே கட்டு எத்தன மணி நேரம் போடணும்? அதையாவது நெசத்தச் சொல்லுங்க."

"ஆறு மணி நேரம்" என்றேன். அது நிஜம்.